படகுக்குப் போகும் மொச்சையில் வண்டு: என் அனுபவம்

தம்பி பாய்மரப் படகிலேயே குடியிருக்கிறான். அவன் கொச்சியிலிருந்து கிளம்புமுன் மாதக்கணக்குக்கு வேண்டிய தானியம், பயறு எல்லாம் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். ராகியில் தொல்லை வந்ததே இல்லை. பொடி தானியம், பூச்சி அவ்வளவாக அண்டாது. மொச்சையும் தட்டைப்பயறும்தான் படுத்தின. காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தும் சில வாரத்தில் ஓட்டை, மாவு, வண்டு.

முதலில் டப்பாவைச் சந்தேகப்பட்டு மாற்றினோம். அப்புறம் வேப்பிலை, காய்ந்த மிளகாய். மொட்டை மாடியில் காயப்போட்டால் மேலே கிடந்தது சுட்டது, அடியில் கிடந்தது அப்படியே.

உற்றுப் பார்த்தபோதுதான் பயறின் தோலில் ஒட்டியிருந்த வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அத்தனையும் முட்டை. வண்டு வயலிலேயே காய்மேல் முட்டையிட்டுவிடும், காய்ந்த பயறின்மேலும் இடும். புழு விதைக்குள் புகுந்து வளரும். டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பூச்சியையும் சேர்த்துத்தான் மூடுகிறோம்.

பலித்தது இதுதான்: நன்றாகக் காய்ந்த பயறை ஒரு கிலோ கவர்களில் சீல் போட்டு, தெரிந்த ஐஸ்கிரீம் கடையின் டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தோம். முக்கியம், எடுத்தவுடன் கவரைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த பயறின்மேல் காற்றின் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். ஒரு நாள் முழுக்க விட்டு, கவர்மேல் வியர்த்தது காய்ந்த பிறகே டப்பாவுக்கு மாற்றினோம்.

அட்டைப்பெட்டி மட்டும் வேண்டாம் என்றான் தம்பி. மடிப்பில் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு படகேறிவிடுமாம். சரி, டப்பாக்கள் பிளாஸ்டிக் கூடையில் போயின. மொச்சை கடைசி வரை சுத்தம். அப்பாடா!