மீட்கப்பட்ட நாயை வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு நாயைத் தத்தெடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அது செருப்பு அலமாரியைத் தாண்டுவதற்குள் பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஒன்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். முதல் நாய் வந்த அன்று எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். தடுப்பூசி போடுங்கள், சாக்லேட் கொடுக்காதீர்கள் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். நான் வேறு சொல்கிறேன்.

வெறும் கழுத்துப்பட்டை

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் நாய் முத்து சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து ஆறாவது நாள். அழகான சிவப்புப் பட்டை வாங்கிப் போட்டிருந்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம். நாங்கள் தூணைத் திரும்பிய நேரம் பார்த்துக் கொம்பாங் மேளம் முழங்கியது. முத்து முன்னால் ஓடவில்லை, பின்வாங்கியது. நம் கலப்பின நாய்கள் பலவற்றுக்குத் தலை ஒடுக்கம். காதை மடித்துக்கொண்டு பின்னால் இழுத்தால் பட்டை கழன்றுவிடும். என் கையில் கயிறும் பட்டையும்தான் மிச்சம்.

அடுத்துச் செய்தது அதைவிட முட்டாள்தனம். பெயரைக் கூவிக்கொண்டே நானும் மச்சானும் துரத்தினோம். ஆறு நாளில் அதற்குத் தன் பெயரும் பழகியிருக்கவில்லை, நானும் பழகியிருக்கவில்லை. இருவர் கத்திக்கொண்டு விரட்டுகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. லோங்காங்கில், அதாவது பெரிய வடிகாலில், இறங்கி ஓடிவிட்டது.

நான்கு இரவுகள். தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் ஓர் ஆன்ட்டிதான் இடத்தைக் காட்டினார். "கூப்பிடாதே, சும்மா உட்கார்" என்றார். என் அழுக்குச் சட்டையையும் வேகவைத்த கோழியையும் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். விடிவதற்குள் வந்தது, நான்கு பாதங்களிலும் தோல் உரிந்து.

ஆகவே உடம்பில் மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ், கழுத்தில் இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. ஒன்று கையில், இன்னொன்று இடுப்பில். "சாதுவாகத்தானே வருகிறது, எதற்கு இரண்டு?" என்று இரண்டாம் வாரமே ஒன்றைக் கழற்றுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். பயத்தில் உறைந்த நாயும் சாதுவாகத்தான் தெரியும். மூன்று மாதமாவது பொறுங்கள்.

பிள்ளை கையில் கயிறு

கூடாது.

அனுமதியை அப்புறம் பார்ப்பது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்க்குத்தான் இடம். நடுத்தர அளவுக் கலப்பின நாய் என்றால் கலப்பின நாய்களைத் தத்தெடுப்பதற்கான 'அடோர்' திட்டத்தின் வழியாகவே வர வேண்டும். உயர வரம்பு 2020இல் 50 செ.மீ.யிலிருந்து 55 ஆனது, 15 கிலோ எடை வரம்பும் போய்விட்டது. கருத்தடை, மைக்ரோசிப், கீழ்ப்படிதல் பயிற்சி மூன்றும் கட்டாயம். குட்டியைப் பார்த்து உயரத்தைக் கணிக்காதீர்கள், கால் நீளும்.

முதல் வாரமே விருந்தாளிகள்

அந்த ஒன்பது பேரைத்தான் சொல்கிறேன்.

மின்தூக்கிக்குள் இழுத்து ஏற்றுவது

தொழிற்பேட்டையில் வளர்ந்த நாய்க்கு அது தானாகத் திறந்து மூடும் இரும்புப் பெட்டி. கயிறு உள்ளே, நாய் வெளியே என்று கதவு மூடினால் கழுத்து நெரிந்துவிடும். நாய் முழுதாக உள்ளே வரும்வரை கதவைத் திறந்து வைக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுக்காதீர்கள். வர மறுத்தால் படிதான். முத்து மூன்று வாரம் நான்காம் மாடிக்குப் படியேறித்தான் வந்தது. புலம்பியது என் முழங்கால்.