ஸ்பானிஷில் "சந்திக்கலாமா?" என்று கேட்கப் பழகுவோம்

ஸ்பானிஷில் வணக்கமும் நன்றியும் தெரிந்ததும் பலர் பெயர்ச்சொற்களை மனப்பாடம் செய்யப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்பே, ஒருவரைச் சந்திக்க நாள் குறிக்கும் வாக்கியங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். பேசிப் பழக ஆள் வேண்டுமே, அந்த ஆளைக் கூப்பிட இவைதான் உதவும்.

கீழே 'த' வரும் இடங்களில் நம் 'த'வையே சொல்லுங்கள், 'ட' வேண்டாம்.

படி 1: நேரம் இருக்கிறதா?

"கே ஆஸெஸ் எல் ஸாபதோ?" (சனிக்கிழமை என்ன செய்கிறாய்?)

தமிழைப் போலவே நிகழ்காலத்தில் கேட்டாலே போதும். 'நீ' என்று தனியாகச் சொல்லவும் தேவையில்லை, 'செய்கிறாய்' போல வினைச்சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது. மரியாதையாகக் கேட்க வேண்டுமா? வினையின் கடைசி 'ஸ்'ஸை விட்டுவிடுங்கள்: "கே ஆஸே?" அவ்வளவுதான். நாளில் மட்டும் கவனம் தேவை: 'எல் ஸாபதோ' என்றால் வரும் சனிக்கிழமை, 'லோஸ் ஸாபதோஸ்' என்றால் சனிக்கிழமைதோறும்.

படி 2: அழைப்பு

"தியேனெஸ் கானாஸ் தே இர் அல் ஸீனே?" (சினிமாவுக்குப் போகலாம் போலிருக்கிறதா?)

ஸ்பெயினில் "தே அப்பெத்தேஸே இர் அல் ஸீனே?" என்பதை அதிகம் கேட்பீர்கள். தொடக்கத்தில் முதல் வடிவமே போதும், அது ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் செல்லும். 'இர் அல் ஸீனே' இருக்கும் இடத்தில் 'கொமெர்' (சாப்பிட), 'பாஸெயார்' (உலாவ) என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். இந்த ஒரு அச்சில் எத்தனையோ அழைப்புகளை வார்க்கலாம்.

"தே இன்வீத்தோ" என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். 'வா' என்பதோடு, 'செலவு என்னுடையது' என்றும் அதற்கு அர்த்தம்.

படி 3: நேரமும் இடமும்

"ஆ கே ஓரா?" (எத்தனை மணிக்கு?), "தோந்தே?" (எங்கே?). பதில்: "ஆ லாஸ் ஸியேத்தே" (7 மணிக்கு). அரை மணி சேர்க்க 'இ மேதியா'. 1 மணிக்கு மட்டும் "ஆ லா ஊனா", ஏனென்றால் அது ஒருமை. சம்மதம் சொல்ல ஸ்பெயினில் "பாலே", அர்ஜென்டினாவில் "தாலே".

படி 4: மறுப்பது

இதைத்தான் அதிகம் பழக வேண்டும் என்பது என் கருத்து. வெறும் "நோ" முகத்தில் அடித்தது போலிருக்கும். வருத்தம், காரணம், மாற்று நாள் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

"லோ ஸியெந்தோ, நோ புவேதோ. தெங்கோ கே த்ரபஹார். இ எல் தொமிங்கோ?" (மன்னிக்கணும், முடியாது. வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாமா?)

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் உங்களுக்கும் வர ஆசை என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும்.

அப்புறம், கிளம்பத் தாமதமானால் அனுப்ப ஒரு செய்தி: "யேகோ என் தியெஸ் மினூத்தோஸ்." பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்.