ஸ்னோஷூ வாங்க முதல் எங்கே நடக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள்

கனடாவுக்கு வந்த முதல் விண்டரிலேயே ஸ்னோஷூ (ஸ்னோவில் நடக்க பூட்ஸின் அடியில் மாட்டுகிற நீள அகலமான சட்டகம்) வாங்கித் தீருவேன் என்று நிற்கிறவர்களுக்கு இது. ஜாக்கெட், பூட்ஸ், கையுறை பற்றி ஏற்கெனவே பத்துப் பேர் புத்தி சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன்.

டொராண்டோவின் ஸ்கார்புரோவில் இருந்துகொண்டு ரூஜ் பூங்காவில் நடக்கத்தான் என்றால் பெரும்பாலும் ஸ்னோஷூவே தேவையில்லை. ஸ்னோ கொட்டி இரண்டு நாளில் நாய் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் மிதித்துப் பாதையை இறுக்கிவிடுவார்கள், மேலே மழை தூறி உறைந்தால் ஒரே வழுக்கல். அதற்கு பூட்ஸின் மேல் இழுத்து மாட்டுகிற முள்ளுச் சங்கிலி போதும், மைக்ரோஸ்பைக்ஸ் என்று கேளுங்கள், விலையும் குறைவு. ஸ்னோஷூ கால் புதைகிற ஸ்னோவுக்கானது. உங்கள் பாரத்தை அகலமாகப் பரப்பி, முழங்கால் வரை இறங்க வேண்டிய காலைச் சில அங்குலத்தோடு நிறுத்துவதுதான் அதன் வேலை.

என் மச்சான் சீசன் முடிகிற மலிவு விற்பனையில் 36 அங்குல நீளச் சோடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஊரில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கும்போது அடுத்த வருசத்துக்கும் சேர்த்து ஒரு சைஸ் கூட எடுப்போமே, அதே கணக்கு. கடைக்காரப் பெடியனும் "பெரிசு என்றால் நல்லா மிதக்கும்" என்று சொல்லி, திருப்பி எடுக்க மாட்டோம் என்று ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டான். மச்சானின் நிறை 70 கிலோ, அதாவது 154 இறாத்தல். உடுப்பு, பூட்ஸ், சோற்றுப் பெட்டியும் தேநீர்ப் போத்தலும் வைத்த பை எல்லாம் சேர்த்தாலும் 175 தாண்டாது. பெட்டியில் போட்டிருக்கும் நிறை எண் இந்த மொத்தத்துக்குத்தான், குளியலறைத் தராசு காட்டுவதற்கு இல்லை. கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறினாலும், ஏறக்குறைய 180 இறாத்தல் வரை 25 அங்குலம், 220 வரை 30, அதற்கு மேலே 36. ஆக மச்சானுக்கு 25 தாராளம்.

கூடுதலாக இருந்தால் என்ன நட்டம் என்று அவரும் கேட்டார், பதில் மலையில் கிடைத்தது. நீளத்தோடு அகலமும் கூடினால் காலை அகட்டி அகட்டி நடக்க வேண்டும், இடுப்பு கழன்றுவிடும். ஒடுங்கிய பாதையில் ஒரு ஸ்னோஷூவின் வால் மற்றதை மிதிக்கும், பின்பக்கம் நடக்கவே முடியாது. அதைவிட மோசம், அது சமதரைக்குச் செய்த சாமான், சுற்றிவர உருண்டைக் குழாய், முன்பாதத்தின் கீழே மட்டும் சின்னப் பற்கள். இறுகிய சரிவில் இறங்கும்போது குதிகால் பிடிக்காமல் சறுக்கிக் கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டில் வெடிப்பு. தொழிற்சாலை வேலை, ஆறு கிழமை சம்பளமில்லை. அந்தப் பெடியனை நினைத்தால் எனக்கு இப்பவும் விசர் வரும்.

ஆகவே, மேடு பள்ளமில்லாத காட்டுப் பாதை, உறைந்த ஏரி என்றால் அந்தக் குழாய்ச் சட்டக வகை போதும், மலிவும்கூட. மலை என்றால் குதிகாலுக்குக் கீழேயும் பற்கள், இரு பக்கமும் நீளமாக ஓடும் உலோகப் பல்வரிசை, ஏற்றத்தில் குதிகாலைத் தாங்க நிமிர்த்தி வைக்கிற கம்பி, இவை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். புதிதாக விழுந்த பஞ்சு ஸ்னோவில் அதே ஆள் இன்னும் ஆழமாகப் புதைவார், அதற்காகப் பெரியது வாங்கத் தேவையில்லை. எம்எஸ்ஆர் கம்பனியின் ஈவோ மாதிரிச் சில ஸ்னோஷூவுக்குப் பின்னால் நீட்டுகிற 6 அங்குல வால் தனியாக விற்கிறார்கள், வேண்டிய நாளில் பூட்டலாம். ஓடுகிறவர்களுக்குச் சின்னதாக, ஒடுக்கமாக வேறு வகை இருக்கிறது, அது நமக்கு இப்போது வேண்டாம். மரச் சட்டத்தில் தோல்வார் பின்னிய பழைய ஸ்னோஷூ இந்த மண்ணின் ஆதிக்குடிகளின் கைவண்ணம், ஆழ ஸ்னோவில் அருமையாக மிதக்கும், ஆனால் பல் இல்லாததை ஐஸ் சரிவுக்குக் கொண்டு போகாதீர்கள்.

கடையில் உங்கள் சொந்த பூட்ஸைப் போட்டு, கையுறையைக் கழற்றாமல் பட்டியைப் பூட்டிக் கழற்றிப் பாருங்கள். கடைச் சூட்டில் லேசாக இருப்பது மைனஸ் 20இல் விரல் விறைத்தால் வராது. நுனிக்குப் பக்கத்தில் வட்டத் தட்டு பூட்டிய ஊன்றுகோலும் ஒரு சோடி எடுங்கள், முதல் நாள் அதுதான் காப்பாற்றும்.

எதுவும் வாங்க முதல் ஹன்ட்ஸ்வில் பக்கம் அரோஹெட் பூங்காவுக்குப் போங்கள், அங்கேயே வாடகைக்குத் தருகிறார்கள். அல்கோங்குவின் பூங்காவுக்குப் போனால் வாகன அனுமதிச் சீட்டை மறக்காதீர்கள். அங்கே ஸ்னோஷூவோடு எங்கேயும் நடக்கலாம், ஸ்கீக்காகச் செப்பனிட்ட தடங்களில் மட்டும் கூடாது. அதில் மிதித்துக் குழியாக்கினால் எதிரே வருகிற வெள்ளைக்காரக் கிழவர் கத்துவார், நியாயம் அவர் பக்கம்தான்.