லாபம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது? ஆண்டறிக்கை படிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரு கம்பெனி லாபம் காட்டினால், அந்த லாபம் அதன் பேலன்ஸ் ஷீட்டில் (சொத்து, கடன் பட்டியலில்) ஏதோ ஓர் இடத்தில் இருந்தாக வேண்டும். வங்கியில் பணமாக இருக்கலாம், வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கியாக இருக்கலாம், கிடங்கில் சரக்காகவோ புது இயந்திரமாகவோ மாறியிருக்கலாம். இல்லையென்றால் கடனை அடைத்ததிலோ பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் டிவிடெண்டிலோ வெளியே போயிருக்க வேண்டும். அது எங்கே என்று தேடுவதுதான் நிதி அறிக்கை படிப்பதில் பாதி வேலை. புதிதாகக் கற்பவர்கள் பலர் இருபது முப்பது விகிதங்களை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்குகிறார்கள். நான் இந்தத் தேடலிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

படி 1: சரியான ஆவணத்தை எடுங்கள்

பங்குச்சந்தையில் உள்ள எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையும் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். கடைசி ஐந்து வருட அறிக்கைகளை இறக்கிக்கொள்ளுங்கள். தலைவரின் உரை, வண்ணப் படங்கள் எல்லாவற்றையும் இப்போதைக்குத் தாண்டிவிடலாம். ஸ்டாண்டலோன், கன்சாலிடேட்டட் என்று இரண்டு தொகுப்பு இருக்கும். துணை நிறுவனங்களையும் சேர்த்த கன்சாலிடேட்டட் கணக்கையே பாருங்கள். துணை நிறுவனத்தில் உள்ள கடன் அதில்தான் தெரியும்.

எண்களுக்குள் போகும் முன் ஆடிட்டர் அறிக்கையைப் படியுங்கள். 'க்வாலிஃபைட் ஒப்பீனியன்' என்று இருந்தால், ஏதோ ஒரு விஷயத்தில் ஆடிட்டர் உடன்படவில்லை என்று பொருள். அது எந்த விஷயம் என்பதையும் அங்கேயே எழுதியிருப்பார்.

படி 2: மூன்று அறிக்கைகளையும் சேர்த்துப் பாருங்கள்

லாப நட்டக் கணக்கு ஒரு வருடத்தில் நடந்த வியாபாரத்தைச் சொல்கிறது. பேலன்ஸ் ஷீட் மார்ச் 31 அன்று கையில் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று காட்டுகிறது. கேஷ் ஃப்ளோ அறிக்கை அந்த வருடம் உண்மையில் வந்து போன பணத்தின் கணக்கு.

லாப நட்டக் கணக்குக்கும் கேஷ் ஃப்ளோவுக்கும் நடுவில்தான் ஆரம்பநிலையில் குழப்பம் வரும். மளிகைக் கடையில் பற்று நோட்டில் எழுதிக் கொடுத்த சரக்கும் விற்பனைதான், ஆனால் கல்லாவுக்குக் காசு வரவில்லை. கம்பெனியிலும் அப்படித்தான். சரக்கோ சேவையோ கைமாறியதும் அது வருமானமாகப் பதிவாகிவிடும், பணம் வரும்வரை பேலன்ஸ் ஷீட்டில் வரவேண்டிய பாக்கியாக நிற்கும்.

படி 3: லாபத்தைப் பணத்தோடு பொருத்துங்கள்

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டால் நல்லது.

ஒரு கம்பெனியின் விற்பனை போன வருடம் 80 கோடி, இந்த வருடம் 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். இந்த வருடம் மூலப்பொருள், சம்பளம் போன்ற செலவுகள் 78 கோடி, தேய்மானம் (இயந்திரம், கட்டடம் போன்றவை பயன்பாட்டில் இழக்கும் மதிப்பு) 5 கோடி, வட்டி 3 கோடி. வரிக்கு முன் லாபம் 14 கோடி. வரி 3.5 கோடி போக நிகர லாபம் 10.5 கோடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம் பேலன்ஸ் ஷீட்டைத் திருப்புங்கள். வரவேண்டிய பாக்கி 15 கோடியிலிருந்து 30 கோடியாகியிருக்கிறது. சரக்கிருப்பு 10-லிருந்து 14. சப்ளையர்களுக்குத் தரவேண்டியது 8-லிருந்து 10.

இப்போது பணக் கணக்கு. வரிக்கு முந்தைய 14 கோடியில் தொடங்குங்கள். தேய்மானம் பணமாக வெளியே போகாத செலவு, அதனால் அந்த 5 கோடியைத் திரும்பக் கூட்டுங்கள். வட்டி கடன் சம்பந்தப்பட்டது, வேறு தலைப்பில் வரும். அந்த 3 கோடியையும் கூட்டுங்கள். ஆக 22 கோடி. பாக்கியில் போய்ச் சிக்கிய 15 கோடியையும் சரக்கில் முடங்கிய 4 கோடியையும் கழியுங்கள். சப்ளையரிடம் கூடுதலாகக் கடன் சொல்லி வைத்த 2 கோடியைக் கூட்டுங்கள். 5 கோடி மிஞ்சும். வரி கட்டிய 3.5 கோடி போனால் வியாபாரத்திலிருந்து வந்த பணம் வெறும் 1.5 கோடி.

லாபம் 10.5 கோடி, பணம் 1.5 கோடி. 3 கோடி வட்டியைக் கட்டவே பழைய சேமிப்பிலோ புதுக் கடனிலோ கைவைக்க வேண்டிய நிலை. லாபம் காட்டும் கம்பெனிகள் கடனில் மூழ்குவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

பாக்கி வசூலாக எத்தனை நாள் ஆகிறது என்றும் பாருங்கள். பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்க வேண்டும். போன வருடம் 15-ஐ 80-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 68 நாள். இந்த வருடம் 110 நாள். விற்பனை 25 சதவீதம் ஏறியபோது பாக்கி இரண்டு மடங்காகியிருக்கிறது. தவணையைத் தாராளமாகத் தளர்த்தி விற்றார்களா, பெரிய வாடிக்கையாளர் யாராவது இழுத்தடிக்கிறாரா, இல்லை மார்ச் கடைசி வாரத்தில் அவசரமாகச் சரக்கைத் தள்ளிவிட்டார்களா என்று கேட்க வேண்டிய இடம் இது.

ஒரே ஒரு வருடத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். வேகமாக வளரும் கம்பெனிக்கு இடையில் ஒரு வருடம் பணம் இறுகுவது சகஜம். ஐந்து வருட நிகர லாபத்தின் கூட்டுத்தொகையை ஐந்து வருட செயல்பாட்டுப் பணவரவின் (வியாபாரத்திலிருந்து வந்த பணத்தின்) கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். பணவரவு லாபத்தைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் காரணம் தெரியும்வரை நான் மேலே போக மாட்டேன்.

படி 4: மூன்று விகிதம் போதும்

செயல்பாட்டு லாபத்தை, அதாவது வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை, வட்டியால் வகுங்கள். 2-க்குக் கீழே இறங்கினால் வியாபாரம் கொஞ்சம் சறுக்கினாலும் கடன் கழுத்தை நெரிக்கும். மொத்தக் கடனைப் பங்குதாரர் நிதியால் (பங்கு மூலதனமும் சேர்த்துவைத்த லாபமும்) வகுங்கள்; சொந்த நிதியைப் போல எத்தனை மடங்கு கடன் என்று தெரியும். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தைப் பங்குதாரர் நிதியும் கடனும் சேர்ந்த தொகையால் வகுங்கள்; அது கடன் வட்டி விகிதத்தைவிடக் குறைவாக இருந்தால், கடன் வாங்கி விரிவாக்கம் செய்வதால் பங்குதாரருக்குப் பயனில்லை. மூன்றையும் அதே தொழிலில் உள்ள மற்ற கம்பெனிகளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 5: பணம் என்று எழுதியிருப்பதையும் சோதியுங்கள்

வருடக்கணக்கில் பொய்க் கணக்கு எழுதிய ஹைதராபாத் ஐ.டி. கம்பெனி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதை தெரிந்திருக்கும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தை நிதிக் கணக்கு கற்கும் ஒவ்வொருவரும் எண் எண்ணாகப் படிக்க வேண்டும் என்பேன். 2008 செப்டம்பர் காலாண்டில் காட்டிய வருமானம் 2,700 கோடி, உண்மை வருமானம் 2,112 கோடி. காட்டிய செயல்பாட்டு லாபம் 649 கோடி, அதாவது வருமானத்தில் 24 சதவீதம். உண்மை லாபம் 61 கோடி, வெறும் 3 சதவீதம்.

கழித்துப் பாருங்கள். வருமானத்தில் 588 கோடி பொய். லாபத்திலும் அதே 588 கோடி. அந்த ஒரு காலாண்டில் மட்டும் போலியான ரொக்க, வங்கி இருப்பு ஏறியது எவ்வளவு? அதுவும் 588 கோடி. பொய் லாபத்துக்கும் பேலன்ஸ் ஷீட்டில் ஓர் இடம் தேவைப்பட்டது. இப்படியே வருடக்கணக்கில் சேர்ந்து, செப்டம்பர் 30 அன்று கணக்கில் இருந்த 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை.

படி 3-ல் சொன்ன சோதனை மட்டும் இங்கே போதாது, ஏனென்றால் பணமே பொய். அதனால் இன்னொரு சோதனை: வருட வட்டி வருமானத்தைச் சராசரி ரொக்கம், டெபாசிட் இருப்பால் வகுங்கள். டெபாசிட் வட்டி விகிதத்தைவிட மிகவும் குறைவாக வந்தால், பணம் வருடம் முழுக்க அங்கே இல்லை என்று சந்தேகப்படலாம். சத்யத்தில் வட்டியையும் விட்டுவைக்கவில்லை. வரவேண்டிய வட்டி என்று காட்டிய 376 கோடியும் பொய். ஆக, வட்டி வந்ததா அல்லது வரவேண்டியது என்று மட்டும் நிற்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வங்கியில் இவ்வளவு பணம் வைத்திருக்கும் கம்பெனி ஏன் கடன் வாங்குகிறது, ஏன் தாராளமாக டிவிடெண்ட் தரவில்லை என்றும் கேளுங்கள்.

படி 6: நோட்ஸ் பகுதியில் இரண்டு இடம்

நிதி அறிக்கைகளுக்குப் பின்னால் வரும் விளக்கக் குறிப்புகள்தான் நோட்ஸ். அதில் 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டீஸ்' என்பது இன்னும் கடனாகப் பதிவாகாத பொறுப்புகள்: வரி வழக்குகள், அடுத்த கம்பெனிக்குக் கொடுத்த உத்தரவாதம் போன்றவை. இந்தத் தொகையைப் பங்குதாரர் நிதியோடு ஒப்பிடுங்கள்.

'ரிலேட்டட் பார்ட்டி' நோட்டில் நிறுவனரின் குடும்பக் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல் இருக்கும். 2008 டிசம்பரில் ராஜு குடும்பத்தின் ரியல் எஸ்டேட், கட்டுமானக் கம்பெனிகளான மேடாஸ் நிறுவனங்களை வாங்க சத்யம் இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்தில் பின்வாங்கினார்கள். இல்லாத சொத்தை இருக்கும் சொத்தால் நிரப்பும் கடைசி முயற்சி அது என்று ராஜுவே பின்னர் கடிதத்தில் எழுதினார்.

ஒரு விஷயம் மட்டும் நினைவில் வையுங்கள். வங்கிகளுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் படி 3, படி 4 கணக்குகள் பொருந்தாது; கடன் வாங்கிக் கடன் கொடுப்பதே அவர்கள் தொழில். அங்கே வாராக்கடன் விகிதத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் பயிற்சிக்கு ஏதாவது ஓர் உற்பத்திக் கம்பெனியின் ஐந்து வருட அறிக்கையை எடுத்து, படி 3-ஐ எக்செல்லில் போட்டுப் பாருங்கள்.