பாட்டியின் சிக்கனத்தில் நாம் விட்டுவிடும் பாதி

பினாங்கில் நம் குடும்பங்கள் பலவற்றில் சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் பாட்டிமார்கள்தான். தோட்டத்துச் சம்பளத்திலும் துறைமுகக் கூலியிலும் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். அவர்கள் மிச்சம் பிடித்ததை நாமும் செய்கிறோம். அதோடு சேர்த்து அவர்கள் பார்த்த வேலையை மட்டும் விட்டுவிடுகிறோம்.

சோற்றையே எடுத்துக்கொள்வோம். மிஞ்சியதில் பாட்டி ராத்திரி தண்ணீர் ஊற்றி வைப்பார். காலையில் வெங்காயத்தோடு அந்தப் பானை காலியாகிவிடும். இன்று மதியம் ஆக்கிய சோறு, அணைத்த ரைஸ் குக்கரிலேயே இரவுவரை கிடக்கிறது. அப்புறம் நாசி கோரெங் பிரட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. நம் ஊர் வெக்கையில் சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி வேகமாகப் பெருகும். வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. மிச்சம் பிடித்த அரிசியைவிட கிளினிக் செலவு அதிகமாகிவிடும். சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வையுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

அப்பளம் பொரித்த எண்ணெயை வடிகட்டி அடுத்த நாள் தாளிக்க எடுக்கலாம். கருத்துப்போன எண்ணெயில் புது எண்ணெயைக் கலந்து ஓட்டுவது வேண்டாம்.

தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் நல்லதுதான். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியதால் குழாய்த் தண்ணீர் தடைபட்டபோது, தொட்டியில் தண்ணீர் வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். ஆனால் மூடாத தொட்டியில், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தொட்டியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, இறுக மூடி வையுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது நகை விஷயம். பாட்டி பவுன் பவுனாகச் சேர்த்தது ஆபத்துக்கு உதவத்தான். அதைத் தீபாவளித் துணிக்கும் புது கைப்பேசிக்கும் அடகுக் கடையில் வைக்கிறோம். மாதம் 2 விழுக்காடு வட்டி என்றால் சிறிதாகத் தெரியும். 1,000 ரிங்கிட்டுக்கு ஆறு மாதத்தில் 120 ரிங்கிட். வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே போனால் இரண்டு ஆண்டில் 480 ரிங்கிட், அசல் அப்படியே நிற்கும். மருத்துவச் செலவுக்கு வேறு வழியில்லாமல் வைத்தால், கையில் பணம் வரும்போதெல்லாம் அசலிலும் கொஞ்சம் கட்டிக் குறையுங்கள். சீட்டில் உள்ள மீட்புத் தேதியை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.