கெந்திங் இறக்கத்தில் பிக்அப்: குரூஸ் எங்கே, தாழ்ந்த கியர் எங்கே

கெந்திங்கிலிருந்து கோத்தோங் ஜெயா வழியாக இறங்கும் சாலையில் ‘குனா கியர் ரெண்டா’ (தாழ்ந்த கியர் போடுங்கள்) பலகைகள் அடிக்கடி கண்ணில் படும். வண்டியில் முன் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ் இருக்கிறதே, அது வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று அந்தப் பலகைகளைத் தாண்டிப் போகாதீர்கள். குரூஸ் அளப்பது முன் வண்டியின் தூரத்தை. இறக்கத்தின் சூட்டை எங்கே இறக்கி வைப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர் ஓட்டுநர்தான்.

அந்தச் சூடு எவ்வளவு? சாமானோடு 2.5 டன் எடையுள்ள பிக்அப் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 24.5 மெகாஜூல் ஆற்றலைக் கரைத்தாக வேண்டும். அறைச் சூட்டில் உள்ள 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றும் டயரும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் தாங்காவிட்டால் பிரேக் டிஸ்க்கும் பேடும்தான் தாங்க வேண்டும்.

முதலில் குரூஸ். முன் லோகோவுக்குப் பின்னாலோ பம்பரிலோ 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இருக்கும். இசுசு டி-மேக்ஸின் உயர் ரகங்களில் முன் கண்ணாடிக்குப் பின்னே இரட்டைக் கேமரா அந்த வேலையைச் செய்கிறது. நீங்கள் வேகத்தையும் இடைவெளியையும் சொல்கிறீர்கள். முன் வண்டி நெருங்கினால் கணினி முதலில் டீசலைக் குறைக்கும், போதாவிட்டால் வண்டி வழுக்காமல் காக்கும் ஈஎஸ்சி அமைப்பின் பம்ப் மூலம் பிரேக்கை அழுத்தும். இடைவெளி நேரத்தில் கணக்கிடப்படுகிறது: பிளஸ் நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகத்தில் 2 விநாடி என்றால் 61 மீட்டர். சாமான் ஏற்றியிருந்தால் இருப்பதிலேயே பெரிய இடைவெளியை வையுங்கள். இடையில் யாராவது புகுந்தால் புகட்டும். பினாங்குப் பாலத்தில் மாலை நெரிசலில் எந்த இடைவெளி வைத்தாலும் புகுவார்கள், அங்கே காலாலேயே ஓட்டுவது நல்லது.

காராக் நெடுஞ்சாலையில் குரூஸ் ஏமாற்றும் இடம் வளைவு. வளைவில் முன் வண்டி ரேடாரின் பார்வையிலிருந்து விலகியதும், சாலை காலி என்று நினைத்துப் பிக்அப் மறுபடி வேகம் எடுக்கும். நீங்கள் வைத்த வேகம் 90, வளைவுக்கு அப்பால் லாரி 40-இல் ஊர்ந்துகொண்டிருக்கும். இன்னொன்று, நின்றுபோன வண்டி. அதிவேகத்தில் போகும்போது, பாலம், பலகை, தடுப்புக் கம்பி எல்லாவற்றுக்கும் பிரேக் போடாமலிருக்க, பல அமைப்புகள் அசையாத பொருளைக் கணக்கில் எடுப்பதில்லை. பாதையின் ஓரமாகப் போகும் மோட்டார் சைக்கிளும் தவறிப்போகலாம். சாயங்கால அடைமழையில் குரூஸை அணைத்துவிடுங்கள்.

பிறகு வண்டியில் நாம் செய்யும் வேலைகள். ரேடாருக்கு முன்னால் புல்பார், சேறு, சாய்த்து மாட்டிய நம்பர் பிளேட் எதுவும் இருக்கக் கூடாது. பம்பர் கழற்றினாலும், முன் கண்ணாடி மாற்றினாலும், சஸ்பென்ஷன் உயர்த்தினாலும் மறு கேலிப்ரேஷன் (பார்வைக் கோணத்தைத் திரும்பச் சரிசெய்வது) தேவை. கோணம் ஒரு டிகிரி தவறினால் 100 மீட்டர் தூரத்தில் பார்வை 1.7 மீட்டர் விலகும். பக்கத்து லேனில் போகும் லாரிக்குப் பிரேக் போடுவது இப்படித்தான்.

எக்ஸாஸ்ட் பிரேக் வேறு விஷயம். டீசல் இன்ஜினில் பெட்ரோலைப்போல் காற்றை அடைக்கும் திராட்டில் பெரிதாக வேலை செய்வதில்லை. அதனால் காலை எடுத்தால் இன்ஜின் இழுப்பு குறைவு. அதைக் கூட்டத்தான் புகைக்குழாயை அடைக்கிறார்கள். பிஸ்டன் புகையை வெளியே தள்ளும்போது எதிரழுத்தத்தோடு மல்லுக்கட்டுகிறது, அந்த எதிர்ப்பு சக்கரம்வரை வந்து வேகத்தைப் பிடிக்கிறது. லாரிகளில் இதற்குத் தனி வால்வு உண்டு. அமெரிக்கப் பெரிய டீசல் பிக்அப்களில், உதாரணமாக ராமின் 6.7 லிட்டர் கம்மின்ஸில், டர்போவுக்குள் புகை போகும் வழியே நெருங்கி மூடிக்கொள்கிறது. அதில் முழு நிலையில் வைத்தால் காலை எடுத்த உடனே இழுக்கும், தானியங்கி நிலையில் இறக்கத்தில் வேகத்தைக் காக்கும். சுற்று குறைந்தால் பலமும் குறையும், ஆகவே இதற்கும் தாழ்ந்த கியர் வேண்டும். இந்த இழுப்பு டிரைவ் சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. பின்பெட்டி காலியாக, சாலை ஈரமாக இருந்தால் பின்சக்கரம் வழுக்கும். அப்போது அணைத்து வையுங்கள்.

நம் ஊரில் ஓடும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன் போன்றவற்றில் இது கம்பெனியிலிருந்து வருவதில்லை. லாரி வால்வை வாங்கி வெட்டி ஒட்ட வேண்டாம். அளவு மீறிய எதிரழுத்தம் எக்ஸாஸ்ட் வால்வுகளை ஸ்பிரிங்கை மீறித் திறந்துவிடும், டர்போ சீலையும் கெடுக்கும். கியரை வைத்தே வேலையை முடிக்கலாம்:

1. இறக்கம் தொடங்கும் முன்பே குரூஸை அணையுங்கள். வேகம் ஏறிய பிறகு கியரை இறக்கப் பார்த்தால், சுற்று எல்லை மீறும் என்று கியர்பெட்டி மறுத்துவிடும்.

2. லீவரை மேனுவலுக்குத் தள்ளி, ஆறு கியர் ஆட்டோவில் 3-க்கு, செங்குத்தான இடத்தில் 2-க்கு இறக்குங்கள். பத்து கியர் ஃபோர்டு ரேஞ்சரில் எண்ணை விட்டுவிட்டு மீட்டரைப் பாருங்கள். 2,500 முதல் 3,500 சுற்று வரை இருந்தால் சரி. சத்தம் கூடும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. சிவப்புக் கோட்டைத் தொடாமல் இருந்தால் போதும்.

3. அப்படியும் வேகம் ஏறினால், பிரேக்கை அழுத்தமாக மிதித்து 10, 15 கி.மீ. குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே இறங்கினால் பேட் ஆறவே ஆறாது.

4. கருகிய வாடை வந்தாலோ பெடல் மெத்தென்று இறங்கினாலோ ஒதுங்கி நிறுத்தி, ‘பி’யில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இருபது, முப்பது நிமிடம் ஆறட்டும். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பெடல் மெத்தென்று போவதற்குப் பெரும்பாலும் பழைய பிரேக் ஆயில்தான் காரணம். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரத்தை உறிஞ்சிய பிறகு 140-இலேயே கொதித்து ஆவிக் குமிழி விடலாம், மிதித்தால் நசுங்குவது அந்தக் குமிழிதான். டாட் 4-க்கு அதே எண்கள் 230, 155. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நான்கு சக்கரத்திலும் பழையதை முழுக்க வடித்து மாற்றச் சொல்லுங்கள். டப்பாவில் மேலாக ஊற்றி நிரப்பினால், சக்கரத்தில் பேடை அழுத்தும் காலிபருக்குள் இருக்கும் பழைய ஆயில் அங்கேயேதான் இருக்கும்.