"அடுத்த கிழமை வாங்கோ" என்பதை நம்பி மூன்று மாதத்தை விட்டுவிடாதீர்கள்

அம்மாவுக்கென்று யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் ரீவி வாங்கினோம். மூன்றாவது கிழமையே திரையின் நடுவில் பச்சைக் கோடு விழுந்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனோம். "கொழும்புக்கு அனுப்ப வேணும், அடுத்த கிழமை வாங்கோ" என்றார்கள். போனோம். "பார்ட்ஸ் இன்னும் வரேல்லை அண்ணை." திரும்பவும் போனோம். இப்படியே நாலு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் முறைப்பாடு செய்யக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போனபோதுதான், இதற்கு நாள் கணக்கு ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றால் அதிகாரசபையிடம் முறையிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வாரண்டி கார்டில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இருப்பதைப் பார்த்து, முறையிடவும் அவ்வளவு காலம் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். இரண்டும் வேறு வேறு. கடைக்காரர் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று நான் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து பார்ட்ஸ் வரத் தாமதமாவது உண்மைதான். ஆனால் அவர் காத்திருக்கச் சொல்லும் ஒவ்வொரு கிழமையும் உங்கள் மூன்று மாதத்தில்தான் கழிகிறது. ஆகவே இரண்டாவது தடவையும் வெறுங்கையோடு திரும்பினால், அன்றைக்கே அதிகாரசபைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடையில் திருத்த வேலை நடந்துகொண்டிருந்தாலும் முறைப்பாடு கொடுக்கலாம்.

கடிதம் பெரிதாக ஒன்றும் வேண்டாம். எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள், என்ன பழுது, எந்தெந்தத் திகதியில் கடைக்குப் போனீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும். அவ்வளவுதான். தமிழிலேயே எழுதலாம். பில்லினதும் வாரண்டி கார்டினதும் பிரதிகளை இணைத்து, கடிதத்தின் ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். ஆனால் அழைத்துச் சொன்னதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. சட்டம் கேட்பது எழுத்து. விசாரித்து உங்கள் பக்கம் நியாயம் என்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அதிகாரசபை கட்டளையிடலாம். அந்தக் கட்டளையை உற்பத்தியாளருக்கும் இடலாம், விற்ற கடைக்காரருக்கும் இடலாம். அதனால் "நாங்கள் விற்கிறது மட்டும்தான், கொம்பனியோடை கதையுங்கோ" என்று கடையில் சொன்னால், அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள்.

நாங்கள் விட்ட இன்னொரு பிழையை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை. ரீவியைக் கடையில் ஒப்படைத்தபோது ஒரு துண்டும் வாங்கவில்லை. தெரிந்த கடைதானே என்று அசல் பில்லையும் கொடுத்துவிட்டு வந்தோம். பிறகு, நாங்கள் எப்போது கொண்டுவந்தோம் என்பதிலேயே அவர்களுக்கும் எங்களுக்கும் பேச்சு முட்டியது. பொருளை விட்டுவிட்டு வரும்போது திகதி, பழுது, சீரியல் இலக்கம் எழுதிக் கையெழுத்திட்ட துண்டைக் கேளுங்கள். அசல் பில்லைக் கொடுக்காதீர்கள், பிரதி போதும். இப்போது பல கடைகளில் தரும் வழுவழுப்பான பில் தாளில் சில மாதங்களில் எழுத்தே மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். பில் தராத கடையில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை.

அக்கம்பக்கத்தில் தெரிந்த மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டு "ஒருக்கால் கழற்றிப் பாருங்கோ" என்பதும் நம்மிடம் அதிகம். சீல் உடைந்தால் பெரும்பாலும் வாரண்டியும் அதோடு போய்விடும். மின்னழுத்தம் கூடிக் குறைந்ததால் வந்த பழுதையும் பல வாரண்டி கார்டுகள் ஏற்பதில்லை. பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா என்பதை வாங்கும்போதே கேளுங்கள்.

பழுதையும் மனமாற்றத்தையும் குழப்பக்கூடாது. நிறம் பிடிக்கவில்லை, பக்கத்துக் கடையில் விலை குறைவு என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லை. அப்படி எடுத்தால் அது கடைக்காரரின் நல்ல மனம். அதேபோல, 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, நீங்கள் பரிசோதித்து வாங்கிய பொருளில் அப்போதே தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பின்னர் கிளப்புவது கடினம். கஸ்தூரியார் வீதியில் எவ்வளவு சனமாக இருந்தாலும் சரி, பெட்டியைத் திறந்து, போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

போன் என்றால், *#06# அழுத்தி வரும், போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியிலுள்ளதோடு ஒப்பிடுங்கள். IMEI என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு அந்த எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று தெரியும். 'கொம்பனி வாரண்டியா, கடை வாரண்டியா' என்பதையும் கேட்டு, பில்லில் எழுதுவியுங்கள். கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த போனுக்கு இங்குள்ள கடைக்காரர் பொறுப்பாளி அல்ல. தவணைக்கு வாங்கியவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். காசு தந்த நிறுவனத்தோடு அது வேறு ஒப்பந்தம், பிறகு இரண்டு பக்கமும் சிக்கல்.

மூன்று மாதம் கடந்துவிட்டதா? வாரண்டிக் காலம் மிச்சமிருந்தால் அந்த வாக்குறுதி அப்படியே இருக்கிறது. பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. நாங்களும் அங்கேதான் போனோம். கடைக்காரர் வந்தார், மத்தியஸ்தர்கள் மூன்று பேர் இருந்து இரண்டு பக்கமும் கேட்டார்கள். ஒப்படைத்த துண்டு இல்லாததால் முழு ரீவியையும் கேட்டு நிற்க முடியவில்லை. திரை மாற்றும் செலவில் பாதியை அவர் ஏற்க, மற்றப் பாதியை நாங்கள் கட்டினோம்.